இரண்டும் மூன்றும்

வீரவநல்லூர் மின்வாரியப் பிரிவு அலுவலகம்,
சாயங்காலம் ஐந்தே முக்கால்.
சாரலில் நனைந்த பையிலிருந்து
முந்நூற்றுப் பதினொரு வீடுகளை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.

சோப்புப் பெட்டியைவிடப் பெரிது,
செங்கல்லைவிடச் சின்னது அந்தக் கருவி.
ஓரத்தில் ரப்பர் மூடி, மூடிக்குள்
ஒன்பது ஊசிகள்.

கம்ப்யூட்டர் சொன்னது: கருவி இல்லை.
கருவி சொன்னது: காத்திருக்கிறேன்.
இரண்டுக்கும் நடுவில் வயர்
சம்பந்தி வீட்டார்போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

பழைய வயரை எலி தின்றுவிட்டது.
இது நம்பிராஜன் கட்டிக்கொடுத்த புதுசு.
கம்பத்தில் ஏறினால் இருட்டிலும்
மூன்று பேஸைப் பிரித்துச் சொல்கிறவர்.
திருகாணியைக் கழற்றிப் பார்த்த ஷேக் மன்சூர்
சிரித்துவிட்டான்.
"அண்ணாச்சி, ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணுன்னு
நேராப் போட்டிருக்கீய.
இவன் வாயி அவன் வாயோட,
இவன் காது அவன் காதோட.
யாருக்கு என்ன கேக்கும்?"

நம்பிராஜன் ஒன்றும் பேசவில்லை.
பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினார்.
ஈயப் புகையில் எனக்குத் தும்மல்.
இரண்டு மூன்றுக்கு, மூன்று இரண்டுக்கு,
ஐந்து மட்டும் ஐந்துக்கே.
"அஞ்சு பூமி. பூமியை மாத்தக் கூடாது," என்றார்.

மறுபடி.
இப்போது திரையில் ஏதோ வந்தது:
கொக்கிகள், கேள்விக்குறிகள்,
தின்றுபோட்ட மீன்முள் மாதிரி சில.
"வேகம் ஒக்கலை. இது பேசுத வேகம்
அதுக்குக் காதுல விழமாட்டேங்கு.
பையப் பேசச் சொல்லணும்."

பைய.
எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று
கம்ப்யூட்டருக்கும் தேவைப்பட்டது.
ஒன்பதாயிரத்து அறுநூறிலிருந்து
இரண்டாயிரத்து நானூறுக்கு இறங்கினோம்.
அடுத்த கேள்வி: ஒற்றையா, இரட்டையா?
புளியங்கொட்டையை மூடிய கையைப் பார்த்ததுபோல
ரெட்டை என்றேன்.
"விளையாட்டு இல்லக்கா. ரெண்டும் வேண்டாம்னு போடணும்."

வரப்பில் நடப்பவர்கள் மாதிரி
ஒருவர் பின் ஒருவராகத்தான் இதில் வர முடியும்.
முன்னால் ஒருத்தன் கதவைத் தட்ட,
எட்டுப் பேர் உள்ளே போக,
கடைசி ஆள் சாத்த.
திரும்பவும் தட்ட.
நானும் காலையிலிருந்து அதைத்தான் செய்திருந்தேன்.
தட்டு. "கரண்டு ரீடிங்." எண். வெள்ளை அட்டை. சாத்து.

ஒன்று. இரண்டு. நாற்பது.
தறி ஓடும் வீடு, தறி நின்ற வீடு,
ஒற்றைக் குண்டு பல்போடு ஒன்பது யூனிட்டில் நிற்கும் வீடு,
நாய்க்குப் பயந்து சுவரேறிப் பார்த்த மீட்டர்,
எல்லாம் ஒரே பச்சைக் கோடாக நகர்ந்தன.

நூற்று எண்பத்தேழில் நின்றது.
மறுபடி. நூற்று எண்பத்தேழு.
வயரை ஆட்டி, ஊசியை ஊதி, மறுபடி.
நூற்று எண்பத்தேழு.

பேச்சியம்மை வீடு.
போன தடவை
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
இந்தத் தடவை முப்பத்தொன்று.
நாலே இலக்கம் அந்த மீட்டருக்கு.
எண்ணி முடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கியிருக்கிறது.
நடையில் நின்று அவள் கேட்டிருந்தாள்:
"பூச்சியத்துக்கு வந்துட்டுதே தாயி,
இனி முதல்லயிருந்துதான?
பழசெல்லாம் கழிஞ்சுதா?"
சிரித்த சிரிப்பில்
ஆறாம் நம்பர் குறிப்பைப் போட மறந்திருக்கிறேன்:
சுற்று முடிந்தது.

கம்ப்யூட்டருக்குச் சிரிப்பு வரவில்லை.
முன்னைவிடக் குறைந்துபோன ஒன்றை
எங்கே வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை.
மன்சூர் ஆறு அடித்தான்.
நாற்பத்து நான்கு யூனிட். போயிற்று.
நூற்று எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது...
நம்பிராஜன் திரையைப் பார்க்கவேயில்லை.
தான் பற்றவைத்த இடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குக் கருவி கேட்டது: அழிக்கவா?
வெளியே பாபநாசம் பஸ் ஹாரன் அடித்தது.
ஆம்.

முந்நூற்றுப் பதினொரு வீடும் போன பிறகும்
கையில் அதே கனம்.
வயரைச் சுருட்டி
எலிக்கு எட்டாத ஆணியில் மாட்டினேன்.
நாளைக்கு மேலத் தெரு.

பேச்சியம்மைக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை நான்.